உறுமி மேளத்தை வீட்டுக் கணினியில் பதிவு செய்ய எந்த மென்பொருள்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படட்டும். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. உறுமி மேளக் குழு ஒன்றில் இருக்கிறீர்கள்: இரண்டு உறுமி, இரண்டு தவில், ஒரு பம்பை, ஜால்ரா, பாட இரண்டு பேர். அடுத்த தைப்பூசத்துக்கு முன் நான்கு முருகன் பாடல்களைப் பதிவு செய்து வெளியிட வேண்டும். கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப்பும் 1,500 ரிங்கிட்டும். ஒரு நண்பர் எஃப்எல் ஸ்டூடியோ என்கிறார், இன்னொருவர் மேக் வாங்கி லாஜிக் போடச் சொல்கிறார், மூன்றாமவர் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, கியூபேஸ் தருகிறேன் என்கிறார். எதை எடுப்பது?

ரீப்பர் எடுங்கள். காரணம் சொல்கிறேன். அது பிடிக்காமல் நீங்கள் வேறொன்றை எடுத்தாலும் கீழே சொல்லும் மற்ற விஷயங்கள் அப்படியே பொருந்தும்.

எந்த இசை மென்பொருளைத் திறந்தாலும் அது ஓர் எண்ணத்தோடுதான் திறக்கும். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி, தாளம் 4/4, திரை முழுக்கச் சமமான கட்டங்கள், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரம். கணினிக்குள்ளேயே பீட் கட்டி இசை செய்பவருக்கு இது வசதி. உங்கள் வேலை அது இல்லை. ஆறேழு பேர் ஒன்றாக நின்று வாசிக்கிறார்கள், காவடி நகர நகர வேகம் ஏறுகிறது, உறுமியில் குச்சி தேய்க்கும்போது வரும் ஒலி எந்தக் கட்டத்திலும் உட்காராமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படியானால் மென்பொருளிடம் நீங்கள் கேட்க வேண்டியது, திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டுகளான லூப் எத்தனை தருகிறாய் என்பதல்ல. ஆட்கள் வாசிப்பதை அப்படியே பதிவு செய்வாயா, கட்டத்தையும், தாளம் காட்ட டிக் டிக் என்று ஒலிக்கும் கிளிக்கையும் நான் சொன்னால் ஓரமாக வைப்பாயா, பழைய லேப்டாப்பில் திக்காமல் ஓடுவாயா? இந்த மூன்றுக்கும் ரீப்பர் நன்றாகப் பதில் சொல்கிறது.

ரீப்பரை எழுதத் தொடங்கியவர் ஜஸ்டின் ஃபிராங்கெல். ஒரு காலத்தில் எல்லாக் கணினியிலும் இருந்த, பாட்டு கேட்கும் மென்பொருளான வினாம்பை உருவாக்கியவர் அவரே. பெரிய மென்பொருள்கள் பல ஜிபி இறக்கச் சொல்லும் இந்தக் காலத்திலும் இதன் நிறுவல் கோப்பு மிகச் சிறியது, 8 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். 60 நாள் எந்தப் பூட்டும் இல்லாமல் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 250 வெள்ளி (ரிங்கிட்). மாதச் சந்தா கிடையாது. ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈக்யூ, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரசர், எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், சுருதி திருத்தி எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. முகப்பு அழகாக இருக்காது, முதல் வாரம் பட்டன்களைத் தேடி அலைவீர்கள். அதன் தளத்திலேயே கையேடும் காணொளிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

மற்றவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், நண்பர்கள் சொன்னது தவறு என்று நினைத்துவிடக் கூடாது. எஃப்எல் ஸ்டூடியோ பெல்ஜியத்தில் உருவானது, ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதிய பதிப்புகள் இலவசம். நம் ஊர் ராப் பையன்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது, பீட் கட்ட அதைப் போல வேகமானது குறைவு. ஆனால் அதன் மிக மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் பல காலம் மைக் வழியாகப் பதிவு செய்ய முடியாமல் இருந்தது, எந்தப் பதிப்பில் அது உண்டு என்று வாங்கும் முன் பார்க்க வேண்டும். உங்களுக்கு முதல் நாளிலிருந்து வேண்டியதே மைக் பதிவுதான். லாஜிக் மிக நல்ல மென்பொருள், ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும், விண்டோஸில் ஓடாது. வீட்டில் ஏற்கெனவே மேக் இருப்பவர் இலவச கராஜ்பேண்டில் தொடங்கி லாஜிக்குக்கு ஏறலாம். நான்கு பாடலுக்காகப் புது மேக் வாங்குவது வீண்செலவு. ஏபிள்டன் லைவ் மேடையில் லூப்பை வைத்து விளையாடுபவர்களுக்கு. புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பில் 8 ஆடியோ டிராக், அதாவது தனித்தனி ஒலித் தடம், வரைதான். ஆடாசிட்டி ஒரு கோப்பை வெட்டி ஒட்ட அருமை, பல டிராக்கை மிக்ஸ் செய்ய அது போதாது.

கேக்வாக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1980களிலிருந்து இருந்த பெயர் அது. 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் உருவாக்கத்தையே நிறுத்திவிட்டது. பல ஆண்டுப் பாடல்களை அதில் வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கி இலவசமாகவே கொடுத்தது, நம்மவர்கள் பலர் அதில் பழகியிருக்கிறார்கள். அந்தப் பதிப்பு பின்னர் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் கேக்வாக் சோனார் வந்தது. ரீப்பர் வேண்டாம் என்றால் அடுத்து நான் கைகாட்டுவது அதைத்தான். கைபேசியில் ஓடும் பேண்ட்லேப் செயலியையும் வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகும் கொமியூட்டர் ரயிலில் ஒரு மெட்டு தோன்றினால் முணுமுணுத்துப் போட்டுக்கொள்ள அது போதும்.

கிராக் கியூபேஸ் வேண்டாம் தம்பி. லோயாட் பிளாசா பக்கம் திருட்டு சிடி வாங்கிய காலத்துப் பழக்கம் நம்மில் பலரை இன்னும் விடவில்லை. இப்போது கிராக் கோப்போடு கடவுச்சொல் திருடும் நிரலும் சேர்ந்தே வருகிறது. அதே லேப்டாப்பில்தான் உங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள். விண்டோஸ் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் கிராக் நின்றுபோகும், பாதி முடித்த பாடல் திறக்காது. உங்கள் பாடலை யாராவது திருடினால் உங்களுக்கு எப்படி வலிக்குமோ அதையும் நினைத்துப் பாருங்கள். 250 வெள்ளிக்கு நேர்மையான வழி இருக்கும்போது இது தேவையே இல்லை.

சரி, மிச்சப் பணம். மென்பொருள் போக 1,250 இருக்கிறது. இங்கே உங்கள் குழுவுக்கு ஒரு நல்ல வாய்ப்பு: ஊர்வலத்துக்கும் மேடைக்கும் நீங்கள் பயன்படுத்தும் வயர் உள்ள டைனமிக் மைக்குகள் குழுவிடமே இருக்கும். ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒன்றிரண்டு இருந்தால் அவையே போதும், உறுமியின் சத்தத்தை அவை பயமில்லாமல் தாங்கும். எனவே பணத்தை மைக்கில் கொட்டாமல், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டியான யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை, இரண்டு மைக் உள்ளீடு கொண்டதாக வாங்குங்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 வகை சரியாக இருக்கும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: ஒலியைக் குறைந்த தாமதத்தில் கடத்தும் நிரலான ஏசியோ டிரைவர், தயாரித்தவரே எழுதியது, இதற்கு உண்டா? மிக மலிவான சில பெட்டிகளுக்குச் சொந்த டிரைவர் கிடையாது, ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கும். அது ஓடினாலும் நடுவில் தலைவலி கொடுக்கும். அப்புறம் காதை முழுவதும் மூடும் வயர் ஹெட்போன் ஒன்று, இரண்டு மைக் ஸ்டாண்ட், இரண்டு நல்ல கேபிள். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, ஒலி காதுக்கு வந்து சேரும் தாமதத்தில் பாடுபவர் தாளம் தவறிவிடுவார். பழையது வாங்கினாலும் பரவாயில்லை, முடா தளத்தில் நல்ல நிலையில் உள்ளவை வரும். நேரில் போய் லேப்டாப்பில் சொருகி இரண்டு உள்ளீட்டையும் சோதித்த பிறகு பணம் கொடுங்கள்.

நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கன்டென்சர் மைக் பிறகு பார்க்கலாம். அது 48 வோல்ட் மின்சாரம் கேட்கும், வீட்டுக் காத்தாடியையும் கீழ்வீட்டுத் தொலைக்காட்சியையும் சேர்த்துப் பிடிக்கும், நம் ஊர் ஈரப்பதத்தில் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைத்துப் பாதுகாக்கவும் வேண்டும்.

கணினியைத் தயார் செய்வது சின்ன வேலைதான். இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். ரீப்பரின் ஆடியோ அமைப்பில் ஏசியோவைத் தேர்ந்தெடுத்து, ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற வேகத்தை (சாம்பிள் ரேட்) 48,000 ஹெர்ட்ஸ், ஆழத்தை 24 பிட் என்று வையுங்கள். காணொளிக்கு வழக்கமான வேகம் 48,000 என்பதால் பின்னால் மாற்ற வேண்டியிருக்காது. இந்தக் கணக்கில் ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி ஆகும். எட்டு டிராக்கில் ஐந்து நிமிடப் பாட்டு 350 எம்பிக்குள் அடங்கிவிடும், இடத்துக்குக் கவலையில்லை. கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்து வைத்து வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் பஃபர் என்று ஓர் எண் இருக்கும். பதிவு செய்யும்போது 128 அல்லது 256 வையுங்கள். 256ஐ 48,000ஆல் வகுத்தால் 5.3 மில்லி விநாடி, உள்ளே வந்து வெளியே போவதற்குள் தாமதம் இதைப் போல இருமடங்குக்கு மேல் ஆகும், ஆனாலும் பாடலாம். டப் டப் என்று வெடிப்பு கேட்டால் எண்ணைக் கூட்டிவிட்டு, பெட்டியிலேயே இருக்கும் டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டால் பாடுபவர் தன் குரலைத் தாமதமே இல்லாமல் கேட்பார். மிக்ஸ் செய்யும்போது 1,024 வைத்துக்கொள்ளலாம். பதிவு நேரத்தில் வைஃபையை அணையுங்கள், விண்டோஸின் மின்சக்தி அமைப்பை முழு வேகத்தில் வையுங்கள்.

இனி முக்கியமான பகுதி, மேளத்தைப் பதிவு செய்வது. அடுக்குமாடி வீட்டில் அதைச் செய்யாதீர்கள். அக்கம்பக்கத்தாரின் பொறுமை ஒருபுறம், சின்ன அறையில் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் அடிக்கும் எதிரொலியை எந்த மென்பொருளாலும் பின்னால் எடுக்க முடியாது என்பது மறுபுறம். உங்களுக்குத் தெரிந்த கோயில் மண்டபமோ, ஒத்திகை பார்க்கும் கடைவீட்டு மாடியோ கேட்டுப் பாருங்கள். பூசை நேரம், பக்கத்துப் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு, மதியத்துக்கு மேல் வரும் இடிமழை, இந்த மூன்றையும் கணக்கில் எடுத்தால் காலை ஒன்பதரைக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள் நல்ல இடைவெளி கிடைக்கும். தரையில் பாயும் கம்பளமும் விரியுங்கள், பின்சுவரில் கனமான திரையோ மெத்தையோ சாத்துங்கள். மேளங்களை அரை மணி நேரம் முன்பே அந்த அறையில் வைத்துவிடுங்கள், ஏர்கான் அறைக்கும் வெளிக்காற்றுக்கும் மாறும்போது தோலின் இழுப்பு மாறும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். மின்கம்பி வழியாக நுழையும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் இதிலேயே போய்விடும், இடி இறங்கினாலும் சாதனம் தப்பும்.

இரண்டே மைக்கில் ஆறு பேரை எப்படிப் பிடிப்பது என்று கேட்பீர்கள். ஆட்களை அரைவட்டமாக நிறுத்துங்கள். இரண்டு மைக்கையும் தலையோடு தலை ஏறக்குறைய ஒட்டும்படி, ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் பார்க்க, 90 பாகைக் கோணத்தில் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். இப்போது மிக்ஸ் செய்வது திரையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரால் இல்லை, காலால். தவில் மேலே நின்றால் தவில்காரரை ஓரடி பின்னால் போகச் சொல்லுங்கள். உறுமி அடங்கிப்போனால் ஓரடி முன்னால். ஜால்ரா எப்போதும் நினைப்பதைவிடக் கூர்மையாகப் பதியும், அதைக் கடைசிக்கு அனுப்புங்கள். ஒரு நிமிடம் பதிவு, ஹெட்போனில் கேட்டல், நகர்த்தல். இதை அலுக்காமல் செய்யுங்கள். இந்த அரை மணி நேரம் பின்னால் பல இரவுகளை மிச்சப்படுத்தும். எட்டு உள்ளீடு கொண்ட பெட்டி இருந்தால் ஆளுக்கொரு மைக் வைக்கலாம்தான், ஆனால் ஒருவர் மைக்கில் மற்றவர் சத்தம் கலந்து வரும். அதைச் சமாளிக்கத் தனி அனுபவம் வேண்டும். முதல் பதிவுக்கு இரண்டு மைக்கே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

அளவு: உச்ச அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஒத்திகையில் அடிப்பதைவிடப் பதிவு தொடங்கியதும் எல்லோரும் ஓங்கி அடிப்பார்கள், கடைசிச் சரணத்தில் இன்னும் ஏறும். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பின்னால் சுத்தமாக ஏற்றலாம். சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த அடியை யாராலும் ஒட்ட முடியாது.

உறுமி மட்டும் தனியாக வரும் தொடக்கப் பகுதியை வேறாகப் பதிவு செய்யுங்கள். வளைந்த குச்சி தேயும் முகத்துக்கு ஒரு மைக், அடிக்கும் முகத்துக்கு ஒன்று. ஒரு தோல் உள்ளே போகும்போது இன்னொன்று வெளியே தள்ளப்படலாம், அப்படி இரண்டு அலைகளும் எதிரெதிராக வந்தால் அடியொலி ஒல்லியாகிவிடும். ரீப்பரில் ஒவ்வொரு டிராக்கிலும் அலையைத் திருப்பிப் போடும் பொத்தான் உண்டு. ஒன்றில் மட்டும் அதை அழுத்திக் கேளுங்கள், எந்த நிலையில் நெஞ்சில் இறங்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிக் போடாதீர்கள். இதைத்தான் எல்லாரும் உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள், கிளிக் இல்லாமல் பதிவு செய்வது தொழில்முறை இல்லை என்பார்கள். உறுமி மேளத்தின் உயிரே அந்த ஏற்றத்தில் இருக்கிறது. காவடி எடுத்தவரின் கால் எப்போது வேகம் பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்ற கைகள் அவை, அவற்றை 120க்குள் அடைத்தால் சுத்தமாக இருக்கும், சாமி வராது. எல்லோரும் ஒன்றாக, முழுப் பாட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை வாசியுங்கள். பாடகர் அறையில் இருக்கட்டும், ஆனால் வாயை மட்டும் அசைத்துக் கையால் சரணத்தைக் காட்டட்டும். பாடினால் அந்தக் குரல் மேள மைக்கில் லேசாக ஏறிவிடும், பிறகு உண்மையான குரலைச் சேர்க்கும்போது பின்னால் ஆவி பாடுவது போலக் கேட்கும். மூன்று முறை முழுதாக வாசித்து, உயிருள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் வெட்டி ஒட்டி ஒன்றாக்கும் ஆசை வரும். வேகம் மாறும் இசையில் ஒட்டு தெரியும்.

ரீப்பரில் இதற்காக இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். முதலாவது, புராஜெக்ட் அமைப்பில் டைம்பேஸ் என்ற இடத்தில் ‘டைம்’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வேகக் குறியை மாற்றும்போது பதிந்த ஒலியும் இழுபட்டு நகரும். இரண்டாவது, ஆல்ட் விசையோடு எஸ் அழுத்தினால் கட்டத்தில் ஒட்டும் பழக்கம் அணையும். பிறகு கீபோர்டோ பேஸோ சேர்க்க வேண்டுமென்றால், ஒரு தாள வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து ஓர் அளவை உருவாக்கும் கட்டளையைக் கொடுங்கள். மென்பொருளே அந்த வட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இப்படி வட்டம் வட்டமாகப் போனால் கட்டம் உங்கள் மேளத்தைப் பின்தொடரும். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பில் ஒரு பாட்டு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு 7/8 என்று வையுங்கள், 4/4லேயே விட்டால் கட்டக் கோடுகள் தவறான இடத்தில் விழுந்து உங்களையே குழப்பும்.

குரலை வீட்டிலேயே பதிவு செய்யலாம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, பாடுபவரின் முதுகு அதன் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். மைக் பார்க்கும் பக்கம் மென்மையாக இருக்க வேண்டும், சுவர் இருக்கக் கூடாது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. காத்தாடியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பதிவுக்கும் நடுவே போட்டுக்கொள்ளலாம்.

சுருதி முதலில் வேண்டும். மேளத்தில் பாடகர் பிடித்துக்கொள்ள நிலையான சுருதி கிடைக்காது. ஹெட்போனில் வெறும் மேளத்தைக் கொடுத்தால் இரண்டாம் சரணத்தில் குரல் எங்கேயோ போயிருக்கும். தம்பூரா செயலியை ஒரு டிராக்கில் பதிந்து, பாடும்போது மட்டும் ஒலிக்க விடுங்கள். நம் கட்டைக் கணக்கும் கீபோர்டு கணக்கும் ஒன்றுதான்: 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக்கட்டைகள் கறுப்புக் கட்டைகள். நாதஸ்வரக்காரர் யாராவது வந்து வாசித்தால், அவர் வாத்தியத்தின் சுருதியை முதலில் அளந்து, கீபோர்டை அதற்கு ஏற்றோ இறக்கியோ வையுங்கள். ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட், பெரும்பாலான மென்பொருள் வாத்தியங்களில் சென்ட் கணக்கில் நகர்த்த இடம் இருக்கும். வாத்தியக்காரரைக் கீபோர்டுக்கு வளையச் சொல்வது முறையில்லை. கணினியில் வரும் நாதஸ்வர ஒலிகளை வைத்து ஒப்பேற்றவும் வேண்டாம். அழுத்தினால் ஒரு சுரம் வரும், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிதான் அதில் வராது. நாதஸ்வரம் முழுக்க அந்த வழியில்தான் இருக்கிறது.

ஆட்டோடியூனைப் பற்றியும் இதே கவலைதான் எனக்கு. 1997இல் வந்த அந்தக் கருவி குரலைக் கேட்டு, பக்கத்தில் இருக்கும் சுரத்துக்குத் தள்ளிவிடும். நம் பாட்டில் கமகம் என்பது இரண்டு சுரத்துக்கு நடுவே வேண்டுமென்றே அசைவது. தோடியின் காந்தாரத்தை நினைத்துப் பாருங்கள், அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. தானாக இயங்கும் திருத்தி அதைத் தவறு என்று எண்ணி நறுக்கிவிடும். உண்மையாகவே சுருதி விலகிய ஓர் இடம் இருந்தால் அந்த வரியை மறுபடி பாடவிடுங்கள். பாடகர் பக்கத்து வீட்டில் இருக்கும்போது கருவி எதற்கு? அதற்கும் வழியில்லை என்றால் ரீப்பரோடு வரும் ரீடியூனில் தானியங்கியை விட்டுவிட்டு, அந்த ஒரு நீண்ட சுரத்தை மட்டும் கையால் நகர்த்துங்கள்.

மிக்ஸில் சில எச்சரிக்கை. குரலுக்கு 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லும் காணொளிகள் சரிதான், ஆனால் அதே வெட்டை உறுமிக்குப் போட்டுவிடாதீர்கள், அதன் வயிறு போய்விடும். அதற்கு 30, 40க்குக் கீழே மட்டும் வெட்டினால் போதும். கைபேசி ஸ்பீக்கர் ஆழ்ந்த ஒலியை எப்படியும் தராது, அங்கே உறுமியைக் காட்டிக்கொடுப்பது தேய்ப்பின் நடு அலைகள். 300 முதல் 800 வரை குரலோடு முட்டுகிறது என்று அங்கே ஆழமாகக் குடையாதீர்கள், குரல் வரும் இடத்தில் மட்டும் மேளத்தை ஒன்றிரண்டு டெசிபல் இறக்குங்கள். ரிவெர்ப் கொஞ்சமாக. பத்துமலைக் குகையில் பாடுவது போல வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள், அவ்வளவு போட்டால் சொல் புரியாது. முருகன் பாட்டில் சொல் புரிய வேண்டும்.

மோனோவில் கேட்டுப் பார்ப்பது கட்டாயம். கோயில் குழாய் ஸ்பீக்கரில் உங்கள் பாட்டு ஒலிக்கப்போகிறது, அங்கே இடம் வலம் எல்லாம் கலந்து ஒன்றாகிவிடும். மாஸ்டர் டிராக்கில் மோனோ பொத்தானை அழுத்தி, எதுவும் காணாமல் போகவில்லையே என்று பாருங்கள். தலையோடு தலை சேர்த்து மைக் வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம், அந்த முறையில் மோனோவில் இழப்பு மிகக் குறைவு. பிறகு கைபேசியில், நண்பரின் மைவி காரில், மலிவான இயர்போனில் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் சொல் கேட்கிறதா, உறுமி தெரிகிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தை ஏற்றி ஏற்றி நசுக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்குக் கொண்டுவரும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16க்கு. நீங்கள் மைனஸ் 8க்கு நசுக்கிக் கொடுத்தால் அவர்கள் இறக்கிவிடுவார்கள், மிஞ்சுவது நசுங்கிய மேளம் மட்டும்தான். முடிந்த பாட்டைக் கோப்பாக்கும் ரீப்பரின் ரெண்டர் சாளரத்திலேயே இந்த அளவு தெரியும். உச்சம் மைனஸ் 1 டெசிபலில் நிற்கட்டும். வானொலிக்கோ வெளியீட்டுக்கோ கொடுக்க வேவ் கோப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் எம்பி3.

நான்கில் ஒரு பாட்டு பழைய சினிமா மெட்டில் அமைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உறுமிக் குழுக்களில் அது காலகாலமாக உள்ள வழக்கம், கோயில் வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள். வெளியிடும்போது நிலைமை வேறு. மெட்டின் உரிமை இசையமைப்பாளரிடமோ நிறுவனத்திடமோ இருக்கும், யூடியூப்பின் தானியங்கி முறை கண்டுபிடித்தால் வருமானம் அவர்களுக்குப் போகும் அல்லது காணொளி முடங்கும். அந்தப் பாட்டுக்குச் சொந்த மெட்டு போடுங்கள். மேளம் அப்படியே இருக்கட்டும், வரிகளும் உங்களுடையவைதானே. மற்ற மூன்றுக்கும் யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, யார் வாசித்தது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் விரும்புபவர்கள் தங்கள் படைப்பைப் பதிந்து வைக்கவும் வழி இருக்கிறது.

கோப்புகளைச் சேமிக்கும் முறையை முதல் நாளே சரி செய்துவிடுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு கோப்புறை. முதல்முறை சேமிக்கும்போது எல்லா ஒலிக் கோப்புகளையும் அந்தக் கோப்புறைக்குள்ளேயே நகலெடுக்கும் தேர்வை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒலி வேறெங்கோ கிடந்து, லேப்டாப் மாறும்போது வெறும் கட்டங்கள் மட்டும் திறக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் குறித்த நகல் எடுக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். பதிவு முடிந்த அன்றே கோப்புறையை வெளிவட்டு ஒன்றிலும் இணையச் சேமிப்பு ஒன்றிலும் போடுங்கள். பாட்டு முடிந்த பிறகு, ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனித்தனி வேவ் கோப்பாக ரெண்டர் செய்து அதே கோப்புறையில் வையுங்கள். கேக்வாக்குக்கு 2017இல் நடந்தது நாளை எந்த மென்பொருளுக்கும் நடக்கலாம், வேவ் கோப்பு இருந்தால் எதிலும் திறந்து மறுபடி மிக்ஸ் செய்யலாம். கோப்பின் பெயரில் பாட்டு, வாத்தியம், கட்டை மூன்றையும் எழுதுங்கள். இன்டர்ஃபேஸ் வாங்கியதும் அதன் மாடலையும் விண்டோஸ் பதிப்பையும் எழுதி அனுப்புங்கள், டிரைவர் அமைப்பை உங்கள் பெட்டிக்கு ஏற்றபடி சொல்கிறேன்.